கொடிமின்னல் ஓடிய பக்கம்

ஹைதராபாத் சைனிக்புரியில் சுந்தரேசன் வீட்டு ஹாலில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஷோபா வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டவள் போல உட்கார்ந்திருந்தாள். வாயாடிதான் அவள். ஆனால் விதி அப்படி. யாருடைய படைப்பு விசாரணைக்கு வந்திருக்கிறதோ அவர், மற்றவர்கள் சொல்லி முடிக்கும்வரை பேசக் கூடாது. உச்சுக் கொட்டக்கூட அனுமதி இல்லை.

விதியை வகுத்தவர் சுந்தரேசன். காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு திருகாணியை மாற்றுவதென்றாலும் கமிட்டி கூடும், மினிட்ஸ் எழுதப்படும். மனிதர் ஓய்வு பெற்றபோது அந்தப் பழக்கத்தையும் சால்வை, சந்தன மாலையோடு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஹைதராபாத் தமிழ் காமிக்ஸ் வாசகர் வட்டத்துக்கு அவர்தான் சேர்மன். முகமூடி போட்டவன் மொட்டை மாடியிலிருந்து குதிக்கும் கதையைப் பற்றிப் பேச மாதம் ஒருமுறை கூடுகிற நாலு பேருக்கு ஒரு சேர்மன், ஒரு மெம்பர் செக்ரட்டரி. கேட்டால் யாரும் சிரிப்பார்கள். கரூரில் இருந்த ஆசிரியர் இராமச்சந்திரன் மட்டும் சிரிக்க மாட்டார்.

இராமச்சந்திரன் நடத்துவது செங்குருவி காமிக்ஸ். அதன் பெரிய கதாநாயகன் 'கொடிமின்னல்'. மின்வாரிய லைன்மேன் பூபாலன் மின்னல் தாக்கிச் சக்தி பெற்றுக் கொடிமின்னலான கதை ஐம்பது வருஷமாக வந்துகொண்டிருந்தது. இழுத்து இழுத்து, செத்த வில்லனை மூன்று முறை பிழைக்க வைத்து, கடைசியில் புதிதாக ஒருவன் எந்த இதழை எடுத்தாலும் தலையும் புரியாது காலும் புரியாது என்கிற நிலைக்குக் கதை வந்துவிட்டது. பழைய வாசகர்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அதனால் இராமச்சந்திரன் துணிந்து ஒரு முடிவெடுத்தார். கொடிமின்னலை முதலிலிருந்து, இதுவரை படிக்காதவர்களுக்காக, புதிதாகத் தொடங்குவது என்று. எழுத அவர் கேட்டது ஷோபாவை.

ஷோபா லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த வேதாசலத்தின் மகள். அமீர்பேட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பாடம் எடுக்கிறாள். வட்டத்தின் மெம்பர் செக்ரட்டரியும் அவள்தான். வகுப்பு முடிந்து ஹாஸ்டல் பெண்களும் நோட்டீஸ் கொடுப்பவர்களும் இடித்துத் தள்ளுகிற அமீர்பேட் மெட்ரோவில் நின்றபடியே முதல் இதழை ஃபோனில் எழுதினாள். புத்தகம் வந்துவிட்டது. இரண்டாவதையும் எழுதி முடித்து வைத்திருந்தாள். இராமச்சந்திரன் மட்டும் கையை விரித்துவிட்டார்.

"ஹைதராபாத் வட்டம் என்ன சொல்றாங்களோ அதுதாம்மா. மத்த ஊர் வாசகருங்க எல்லாம் அவங்க கடிதத்தப் பாத்துட்டுத்தான் எழுதுவாங்க. அவங்க கவுத்துட்டா ரெண்டாவது இதழை நான் அச்சுக்கு அனுப்ப முடியாது" என்று சொல்லியிருந்தார்.

ஆகவே அந்த ஹாலில் தொங்கிக்கொண்டிருந்தது அவளுடைய இரண்டாவது இதழின் தலை. அது வெளியே வர வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதைப் போல வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை.

முதலில் ரமணி ஆரம்பித்தார். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவரிடம் புத்தகத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்?

"கலர் கண்ணைப் பறிக்குது. எழுத்து எல்.கே.ஜி. புத்தகம் மாதிரி பெருசு பெருசா இருக்கு. ஒவ்வொருத்தனும் உள்ள வர்றப்பவே நான் இன்னார், இன்ன வேலை பாக்கறேன்னு சொல்லிட்டே வர்றான். புதுசா படிக்க வர்றவங்கன்னா மடையங்களா? நான் பன்னண்டு வயசுல நடுவுல இருந்துதான் படிச்சேன். ஒண்ணும் புரியல. புரியாமத்தான் பிடிச்சுது. எல்லாத்தையும் ஊட்டி விட்டா அவன் எப்போ மெல்லுவான்?"

ரமணி அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கதாநாயகியின் புடவை முந்தானை ஒரு கட்டத்தில் வலப்பக்கமும் அடுத்த கட்டத்தில் இடப்பக்கமும் இருப்பதையும், மழையில் நனைந்த பூபாலனின் மீசை மட்டும் காய்ந்திருப்பதையும் வரிசையாக வாசித்தார். ஷோபா எல்லாவற்றையும் லேப்டாப்பில் மினிட்ஸாக ஏற்றிக்கொண்டிருந்தாள். தன்னைத் திட்டுவதைத் தானே எழுதிக்கொள்ளும் பதவி வேறு யாருக்கு வாய்க்கும்? மற்றவர்கள் புத்தகங்களுக்கு 'படிக்கத் தகுந்ததல்ல' என்று எத்தனையோ முறை கை கூசாமல் தட்டியவள்தான். இன்று ஒவ்வொரு எழுத்தும் சுட்டது.

அடுத்தது புருஷோத்தமன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவள் அப்பாவோடு வேலை பார்த்தவர், குழந்தையிலிருந்து அவளைத் தெரிந்தவர். பேச்சில் ஹைதராபாத் உருது கலக்கும்; வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', எதுக்கு என்பதற்கு 'கைக்கு' என்பார். இவராவது கொஞ்சம் பார்த்துப் பேசுவார் என்று நினைத்தாள்.

"நம்ம வீட்டுப் பொண்ணு எழுதுனதுன்னு பாத்தா முடியாதும்மா, தப்பா எடுத்துக்காத" என்று அவர் தொண்டையைச் செருமினார். "பேசுற காக்கா எங்க? இல்ல. விஞ்ஞானிக் கிழவன் எங்க? இல்ல. வர்றவனுக்குப் புரியணும்னு காக்கா நக்கோ, கிழவன் நக்கோன்னு எல்லாத்தையும் தூக்கிக் கடாசிட்டா, கைக்கு அதுக்குக் கொடிமின்னல்னு பேரு? வேற பேர் வெச்சுக்க வேண்டியதுதான?"

பேசும் காக்கை வந்தது பதினெட்டாவது இதழில் என்று சொல்ல ஷோபாவுக்கு நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் பொருளைப் பயன்படுத்தப் போகிறவர் சார்பில் ஒருவர் உட்கார வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்து வழக்கம். ராணுவத்துக்கு ஏதாவது செய்தால் ராணுவத்திலிருந்து ஆள் வருவார். புதியவர்களுக்கான காமிக்ஸ் என்பதால் புதிய வாசகர் ஒருவரை உட்கார வைத்திருந்தார் சுந்தரேசன். வேறு யாரும் கிடைக்காததால் அது அவர் மகள் ஹர்ஷிதா. இங்கேயே படித்து வளர்ந்தவள், கணினி வேலை, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

"ஸ்லோவாதான் படிச்சேன். சில வேர்ட்ஸ் அம்மாவைக் கேட்டேன்" என்றாள் ஹர்ஷிதா. "அந்த வில்லன் ஒரு ஃபுல் பேஜ் சிரிக்கறது செம போர். ஹீரோயின் எதுக்கு வர்றான்னே தெரியல. ஆனா அவன் பயந்து ஓடறான் பாருங்க, அது பிடிச்சுது. நானா இருந்தாலும் ஓடியிருப்பேன். அங்கதான் இது எனக்கும் எழுதின புக்குன்னு தோணித்து."

ஷோபாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சுந்தரேசன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"யூசர் ரெப்புக்குத் தமிழ்ப் பயிற்சி போதாதுன்னு போட்டுக்கோ ஷோபா. அப்சர்வேஷன் நோட்டட்."

"அப்பா, புதுசா படிக்கறவளுக்குத்தானே புக்கு?" என்றாள் ஹர்ஷிதா. அவர் காதில் வாங்கவில்லை. தன் முறைக்காக எழுந்து நின்றார்.

"கலர், காக்கா, முந்தானை, இதெல்லாம் சில்லறை. நான் அதுக்குப் போகலை" என்று ஆரம்பித்தார். "பூபாலனோட உயிர் சிநேகிதன் சாம்பசிவம். புயல்ல மின்கம்பத்து மேல சிக்கிண்டு தொங்கறான். பூபாலன் என்ன பண்ணினான்? தன் உயிரைப் பத்திக் கவலைப்படாம ஏறினான். சிநேகிதனைக் காப்பாத்தப் போனப்போ மின்னல் தாக்கித்து. கொடிமின்னல் பொறந்தான். அம்பது வருஷமா ஒவ்வொரு இதழோட முன்கதைச் சுருக்கத்துலயும் இருக்கற விஷயம் இது. இந்தம்மா என்ன எழுதியிருக்கா? பூபாலன் பயந்துண்டு, தொங்கறவனை அப்படியே விட்டுட்டு ஓடறான். ஓடறவன் முதுகுல மின்னல் விழறது. தொடரும். இது என்ன அக்கிரமம்? ஓடிப்போனவனை ஹீரோன்னு புதுசா வர்றவா கையில குடுக்கறதா? இதை எழுத எப்படித் துணிஞ்சது? அந்தக் காலத்து முதல் இதழைப் படிச்ச ஒருத்தன் இந்த ஊர்ல உயிரோட இருக்கான்கற பயம்கூட இல்லையா?"

ஷோபா முதலில் அவர் விளையாடுகிறார் என்றே நினைத்தாள். ஏனென்றால் அவள் எழுதியது பழைய முதல் இதழில் உள்ளது உள்ளபடி. கரூர் அலுவலகத்தில் எஞ்சியிருந்த ஒரே முதல் இதழை இராமச்சந்திரன் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அதில் பூபாலன் ஓடத்தான் செய்கிறான். தலைதெறிக்க ஓடுகிறான். அடுத்த சில இதழ்கள் அலுவலகத்திலேயே இல்லை. முன்கதைச் சுருக்கம் எழுதிய யாரோ புண்ணியவான் ஓட்டத்தை மறைத்துவிட்டான். ஏழாவது இதழிலிருந்துதான் எல்லோரிடமும் இருந்தது. எல்லோரும் அந்தச் சுருக்கத்தை மனப்பாடம் செய்திருந்தார்கள்.

ஆனால் சுந்தரேசனிடம் முதல் இதழ் இருந்தது. தமிழ் காமிக்ஸ் உலகம் முழுக்க அவருக்கு மரியாதையே அதனால்தான். எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபிட்ஸ் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் கிடைத்ததாம். வட்டத்துக்கு யார் புதிதாக வந்தாலும் பிளாஸ்டிக் உறைக்கு வெளியிலிருந்து அட்டையைக் காட்டி, 'இதைப் படிக்காதவனுக்குக் கொடிமின்னலைப் பத்திப் பேச யோக்கியதை கிடையாது' என்பார். அப்படி ஓடிப்போன பையன்கள் உண்டு. 'சுந்தரேசன் சார்கிட்ட முதல் இதழே இருக்கு, அவருக்குத் தெரியாததா' என்று இராமச்சந்திரனும் சொல்லியிருந்தார். ஷோபா அந்த ஓட்டத்தைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இருந்ததும் அதனால்தான். இன்றைக்கு அவர் ஒரு விரலை உயர்த்தி, அப்படியே முதல் இதழ்தான், சபாஷ் என்று சொல்லப் போகிறார் என்று வழியெல்லாம் கற்பனை செய்துகொண்டு வந்திருந்தாள்.

அவர் முகத்தைப் பார்த்தாள். நிஜமான கோபம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உறையைப் பிரித்தால் மடிப்பு விழும், ஓரம் கிழியும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த மனிதர் அந்தப் புத்தகத்தைத் திறந்ததே இல்லை.

"மெம்பர் செக்ரட்டரி இப்போ பதில் சொல்லலாம்" என்று அவர் உட்கார்ந்தார்.

"சார், முதல் இதழ்ல அவன் எந்தப் பக்கத்துல கம்பத்துல ஏறுறான்?" என்று கேட்டாள் ஷோபா.

"பக்க நம்பர் எல்லாம் யார் ஞாபகம் வெச்சுப்பா?"

"பாத்துட்டா தெரிஞ்சிரும் சார். உங்ககிட்டதான் இருக்கே."

"என்னை டெஸ்ட் பண்றியா?"

"எடுத்துட்டு வாங்க சார்" என்றார் ரமணி உற்சாகமாக. விசுவாசிகளால் வருகிற வினை விரோதிகளால் வராது. "ரெஃபரன்ஸைப் பாக்காம ஃபைண்டிங் எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? திறந்து காட்டிட்டா அந்தம்மா வாய் மூடிரும். எனக்கும் பாக்கணும்னு எத்தனை வருஷத்து ஆசை."

சுந்தரேசன் மெதுவாக உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அந்துருண்டை வாசனை அவருக்கு முன்னால் வந்தது. பிளாஸ்டிக் உறை, நாலு பக்கமும் ஒட்டுநாடா. ஒட்டுநாடா பழுத்து மஞ்சளாகியிருந்தது. அதைப் பார்த்ததும் ஹாலில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

"அப்பா, இதை நீங்க படிச்சதே இல்லையா?" என்றாள் ஹர்ஷிதா.

"பிரிச்சா கெட்டுப் போயிடும். இந்த கண்டிஷன்ல தமிழ்நாட்டுலயே ஒரு காப்பி கிடையாது."

"அது சரி. படிச்சேளா இல்லையா?"

அவர் உறையை மேஜைமேல் வைத்துத் தடவினார். ஷோபாவுக்கு அவரைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. பழம் நறுக்கும் கத்தியை அவர் எடுத்து ஒட்டுநாடாவைக் கீறினபோது அவள் கண்கொட்டாமல் பார்த்தாள்.

படிக்க ஆரம்பித்தார். முதலில் வக்கீல் பத்திரத்தைப் பார்ப்பது போல வேகமாகப் புரட்டினார். பிறகு வேகம் குறைந்தது. ரமணியும் புருஷோத்தமனும் இரண்டு தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்கள். ஹர்ஷிதா கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"ஓடறான்" என்றார் ரமணி, சத்தமில்லாமல்.

"ஹவ், ஆமா, ஓடுறான்" என்றார் புருஷோத்தமன்.

சுந்தரேசன் கடைசிப் பக்கம்வரை போய், அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு புத்தகத்தை மூடிக் கண்ணாடியைக் கழற்றினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று ஷோபா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மூலத்துலயே குறை இருந்திருக்கு" என்றார் அவர். "அப்போ இருந்த ஆசிரியர் அதை உணர்ந்து, பின்னால முன்கதைச் சுருக்கத்துல சரி பண்ணியிருக்கார். திருத்தின தப்பைத் தோண்டி எடுத்து மறுபடி கொண்டு வந்ததுதான் இந்தப் புது இதழோட பெரிய குத்தம். தொடர வேண்டாம்னு வட்டம் கருதறது. எழுதிக்கோ ஷோபா."

ரமணி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு, "கரெக்ட். அது பாயிண்ட்" என்றார்.

ஷோபா லேப்டாப்பை மூடினாள்.

"நான் எழுத மாட்டேன் சார். உங்களுக்குப் பிடிக்கலன்னா பரவால்ல, யாருக்கு எது பிடிக்கணும்னு சட்டமா இருக்கு? ஆனா திறக்காத புக்க கையில வெச்சுக்கிட்டு, படிக்கலன்னு எத்தன பசங்கள இந்த வாசல்ல இருந்து வெரட்டியிருக்கீங்க? உங்களுக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்? நீங்களும் இன்னிக்குத்தான் முதல் தடவ படிக்கிறீங்க. புதுசா வர்ற வாசகர்னு பொண்ணக் கூட்டிட்டு வந்து ஒக்கார வெச்சீங்களே, அந்த நாற்காலி உங்களுக்குப் போட்டிருக்கணும்."

புருஷோத்தமன் தரையைப் பார்த்தார். சுந்தரேசன் ரமணியைப் பார்த்துத் தலையசைத்தார். ரமணி தன் ஃபோனை எடுத்து, சேர்மன் சொன்னதை அட்சரம் பிசகாமல் தட்டி, வட்டத்தின் பெயரில் கரூருக்கு அனுப்பிவிட்டார். அவருக்கு எழுத்துப் பிழையே வராது.

"அநியாயம்பா இது" என்றாள் ஹர்ஷிதா.

"கமிட்டி முடிஞ்சது" என்றார் அவள் அப்பா.

ஷோபா செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வருவதற்குள் ஃபோன் அதிர்ந்தது. இராமச்சந்திரன்தான். 'வட்டம் கடிதம் வந்துவிட்டது. வருத்தம்தான் அம்மா. இரண்டாவது இதழை நிறுத்திவிடுகிறேன்' என்று எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. முன்கூட்டியே சொன்ன மனிதர். ஷோபா இரண்டு முறை படித்துவிட்டு ஃபோனைப் பைக்குள் போட்டாள். இந்த வீட்டு வாசலில் அழக் கூடாது என்று வைராக்கியமாக ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

"ஷோபா."

வெறுங்காலோடு சுந்தரேசன் வந்துகொண்டிருந்தார். கையில் முதல் இதழ், உறை இல்லாமல். கடைசிப் பக்கத்தில் விரலைக் கொடுத்து வைத்திருந்தார். அந்த விரலால் மடிப்பு விழுந்துகொண்டிருப்பது அவருக்கே தெரியவில்லை. வீட்டை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த சாம்பசிவம்... கம்பத்துல தொங்கறானே. அவன் என்ன ஆனான்?"

"முன்கதைச் சுருக்கத்துல இருக்கே சார், பொழச்சுட்டான்னு."

"அது பொய்யின்னு ஆயிடுத்தே. பூபாலன் திரும்பிப் போறானா? பழைய ரெண்டாம் இதழ் யார்கிட்டயும் கிடையாது. நீ ஏதோ எழுதியிருப்பியே."

"எழுதியிருக்கேன்."

"அவன் திரும்பிப் போறானா?" என்று மறுபடியும் கேட்டார். அவர் முகத்தில் சேர்மன் இல்லை. உதடு லேசாகத் திறந்திருந்தது. அடுத்த பக்கம் புரளக் காத்திருக்கிற முகம். ஷோபா எந்த முகத்துக்காக மெட்ரோவில் இடிபட்டுக்கொண்டு எழுதினாளோ, அதே முகம். இத்தனை நாளில் அப்படியொன்றை அவள் நேரில் பார்த்தது இதுவே முதல் தடவை.

"அது ரெண்டாவது இதழ்ல வரும் சார்" என்றாள். "ஆனா அது வராது. இப்பதான் கடிதம் அனுப்புனீங்க."

"வெளியில வர வேண்டாம். எனக்கு மட்டும் அனுப்பேன். படிச்சுட்டு அழிச்சுடறேன்."

"எப்படி சார் அனுப்புறது? அது படிக்கத் தகுந்ததில்லன்னு வட்டமே சொல்லிருச்சே."

ஸ்கூட்டியைக் கிளப்பினாள். அவர் பின்னாலிருந்து ஏதோ சொன்னார். இரைச்சலில் கேட்கவில்லை. கேட்கவும் அவள் விரும்பவில்லை. வயிறு குளிர்ந்து போயிருந்தது. கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் அந்த மனிதர் ராத்திரியெல்லாம் புரளட்டும், நாளைக்கும் புரளட்டும், ஆயுசுக்கும் புரளட்டும் என்று நினைத்துக்கொண்டு சைனிக்புரித் தெருக்களைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தாள். சிக்னலில் சிவப்பு விழுந்தது.

அங்கே நின்றபோது நினைத்துப் பார்த்தாள். சாம்பசிவம் என்ன ஆனான் என்று இதுவரை அவளிடம் யாருமே கேட்டதில்லை. இராமச்சந்திரன்கூடப் பக்கக் கணக்கைத்தான் கேட்டார். இனிமேல் கேட்க ஆளே வரப் போவதில்லை. கேட்ட ஒரே வாசகனிடம் அவள் சொல்லாமல் வந்துவிட்டாள். பச்சை விழுந்தது. பின்னால் ஆட்டோக்காரன் ஹாரனை அலற விட்டான். அவளுக்குக் கண்ணீர் பார்வையை மறைத்தது, வண்டியை எடுக்க முடியவில்லை.